450 சதுர அடி வீடு: எந்தப் பணம், எந்தச் சுவர், எந்தக் கூரை?

தமிழ்நாட்டில் சொந்த மனையில் 400, 450 சதுர அடிக்கு ஒரு வீடு கட்ட நினைக்கும் குடும்பத்துக்கு மூன்று வகையில் அரசுப் பணம் கிடைக்க வழி இருக்கிறது: வீடு கட்ட மானியம், கடனுக்கு வட்டி மானியம், மொட்டை மாடி சோலாருக்கு மானியம். விளம்பரத்தில் பளிச்சென்று தெரிவது மூன்றாவது. 78,000 ரூபாய் என்ற எண்ணைப் பார்த்தவுடன் பலரும் அதிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். இந்த அளவு வீட்டுக்கு அது தலைகீழ் வரிசை. வீடு குளிர்ச்சியாகவும் மின்செலவு குறைவாகவும் இருக்க, கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு கூரைக்கும் ஜன்னலுக்கும், அடுத்தது சுவருக்கும், பிறகு மின்விசிறிக்கும் போக வேண்டும். மிச்சம் இருந்தால் சோலார். இதற்கு இரண்டு காரணங்கள்: மானியத் தவணை வரும் விதம், இங்குள்ள மின்கட்டண அமைப்பு.

கிராமமா, நகரமா?

எந்த வீட்டு மானியம் என்பதை மனை இருக்கும் இடமே பாதி தீர்மானித்துவிடும். ஊராட்சிப் பகுதி என்றால் கலைஞரின் கனவு இல்லம், அல்லது ஊரகத்துக்கான பிரதமர் வீட்டுத் திட்டம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டுத் திட்டம் 2.0.

கனவு இல்லம் 2024-25 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி காங்கிரீட் தளம், மீதி 60 சதுர அடி தீப்பிடிக்காத வேறு கூரை. ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது, மண் சுவரும் கூடாது. இது குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பார்த்துவிட வேண்டும்.

அந்த 60 சதுர அடியைப் பலர் சமையலறைக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்கூரையாக முடித்துவிடுகிறார்கள். அதே 60 அடியை மேற்குச் சுவரை ஒட்டி, 5 அடி அகலம் 12 அடி நீளத்தில் ஓட்டுத் தாழ்வாரமாக இறக்கினால் பிற்பகல் வெயில் சுவரைத் தொடாது. கூடுதல் செலவு எதுவும் இல்லை. சுவருக்கு விலையுயர்ந்த கல் வாங்கிச் சாதிப்பதைவிட இது மேல்.

ஊரகப் பிரதமர் திட்டத்தில் சமவெளிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம்தான். காங்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு அரசு தனியே சேர்த்துத் தருவதால்தான் இங்கே அது கட்டக்கூடிய வீடாகிறது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் கனவு இல்லமே நல்லது.

நகர்ப்புறத் திட்டம் 2.0, 2024 செப்டம்பர் 1 முதல் நடக்கிறது. அதில் சொந்த மனைக்காரருக்குப் பொருந்துபவை இரண்டு கிளைகள். ஒன்று, தானே கட்டிக்கொள்ளும் பயனாளிக்கான பிஎல்சி: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், வீட்டின் உள்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டருக்குள். மத்திய அரசு 1.50 லட்சம், மாநிலம் குறைந்தது 1 லட்சம், ஆக 2.50 லட்சம். மற்றொன்று வட்டி மானியமான ஐஎஸ்எஸ்: வருமானம் 9 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை. முதல் 8 லட்சம் கடனுக்கு 12 ஆண்டு வரை 4 சதவீத மானியம். மொத்தம் 1.80 லட்சத்தைத் தாண்டாது; அதுவும் 5 ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கிளைதான். இந்தியாவில் வேறெங்கும் கல்வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது.

வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, பிஎல்சிதான். தொகையும் அதிகம், கட்டும்போதே கைக்கு வரும். பிஎல்சி வாங்கியவர் மீதிக்குச் சாதாரண வீட்டுக்கடன் வாங்கலாம். 3 லட்சத்துக்கு மேல் என்றால் ஐஎஸ்எஸ். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சீட்டு எடுத்தோ நகையை விற்றோ இரண்டாம் வருடமே கடனைப் பாதிக்குக் கீழே இறக்குபவர் மீதித் தவணைகளை இழப்பார். ஐந்தாவது தவணை வரவான பிறகு முன்கூட்டிக் கட்டலாம்.

இந்தத் திட்டங்கள் எதிலும் குளிர்ச்சியான கூரைக்கென்றோ கரி (கார்பன்) உமிழ்வு குறைந்த கல்லுக்கென்றோ தனிமனைக்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக இல்லை. நகர்ப்புறத் திட்டத்தில் புதிய கட்டுமானத் தொழில்நுட்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு; அது அடுக்குமாடித் தொகுப்புகளுக்கு மட்டும். பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பாகங்களைக் கொண்டு வந்து பொருத்தி எழுப்பியவை. அந்த முறைக்குக் கிரேன் வேண்டும், ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான வீடுகள் வேண்டும். ஒற்றை வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

கடன்: பசுமைத் தள்ளுபடியைத் துரத்த வேண்டாம்

சில வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் பசுமைச் சான்று பெற்ற வீட்டுக்கு வட்டியில் சிறு தள்ளுபடி தருகின்றன. உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி நடத்தும் எட்ஜ் சான்றுக்கு மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளில் அடங்கிய ஆற்றல் ஆகிய மூன்றிலும் 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். சான்றுக் கட்டணத்தைப் பல வீடுகளில் பரப்பும் கட்டுநருக்கு அது கட்டுப்படியாகும். ஒற்றை வீட்டுக்கு? 10 லட்சம் கடன், 20 ஆண்டு, 9 சதவீதம் என்றால் மாதத் தவணை 8,997 ரூபாய். 0.10 சதவீதம் குறைந்தால் 8,933. மாதம் 64 ரூபாய். ஆனால் பத்திரமும் வருமானச் சான்றும் சரியில்லாததால் பொதுத்துறை வங்கியை விட்டுவிட்டு 13 சதவீதத்துக்குக் கடன் நிறுவனத்திடம் போனால் தவணை 11,716. வித்தியாசம் 2,700க்கு மேல். ஆகவே சான்றிதழ் தேடி அலையும் நேரத்தைப் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி ஆகியவற்றைச் சீராக்குவதில் செலவழிப்பதே லாபம். அனுமதி இப்போது எளிது: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே கிடைக்கிறது.

வங்கிக் கடனில் பசுமைக்கு உண்மையில் உதவுவது எஸ்டிமேட். பொறியாளர் எழுதித் தரும் மதிப்பீட்டில் கூரை வெப்பத்தடுப்பு, வெள்ளை டைல்ஸ், முழுவதும் திறக்கும் ஜன்னல், சோலாருக்கான பீடம் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இருந்தால் வீட்டுக்கடன் வட்டியிலேயே அதற்கும் பணம் கிடைக்கும். 54,000 ரூபாய் கூரை வேலையை 9 சதவீதக் கடனில் சேர்த்தால் மாதத் தவணையில் 486 ரூபாய் கூடும். விட்டுவிட்டுப் பிறகு தனிநபர் கடனில் செய்தால் வட்டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, திருப்பிச் செலுத்தும் காலமோ நான்கைந்து வருடம்.

தவணையும் கூரையும்

வீட்டு மானியத்தில் பெரும்பாலும் அந்தந்தக் கட்ட வேலை முடிந்த பிறகுதான் பணம் வரும்: அடித்தளம், லிண்டல், தளம், முடிவு என்று கட்டம் கட்டமாகப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு. அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் போட ஒருவர் வேண்டும். சுயஉதவிக் குழுக் கடன், கூட்டுறவு வங்கி நகைக்கடன், கடையில் சிமென்ட் கம்பிக்குச் சொல்லி வைக்கும் கணக்கு என்று சமாளிக்கிறார்கள். 9 லட்ச ரூபாய் வீட்டில் பேஸ்மட்டம் வரை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்த 2 லட்சம் உங்கள் கையிலிருந்து முதலில் போக வேண்டும்.

எங்கே கோணலாகிறது என்றால், தளம் போட்டு முடியும்போது கை காலியாகிவிடுகிறது. அதன் பிறகு பூச்சு, தரை, கதவு, வயரிங், கழிவறை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போது எல்லாரும் வெட்டுவது மொட்டை மாடி வேலையைத்தான், ஏனென்றால் அது கண்ணில் படாது. முன்கதவுக்குத் தேக்கும் வரவேற்பறைக்குக் கிரானைட்டும் வந்துவிடும். 5 அங்குலக் காங்கிரீட் மட்டும் அப்படியே வெயிலில் கிடக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கூரைப் பணத்தைத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் ஒதுக்கி, மேஸ்திரியிடம் பேசும் ஒப்பந்தத்தில் தளத்தோடு சேர்த்து எழுதிவிடுவது.

கூரை

ஒற்றை மாடி வீட்டில் வெப்பத்தின் பெரிய வாசல் கூரை. காலை முதல் மாலை வரை வெயில் நேராக விழுவது அங்கேதான். எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தல் மதிப்பு 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வரக் கூடாது. விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாக நல்லது. வெறும் 5 அங்குலத் தளத்தின் மதிப்பு சுமார் 3.3. அதன் மேல் நம் ஊர் வழக்கப்படி 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டு ஓடு பதித்தால் 2.5 பக்கம் வரும். ஒழுகாமல் காக்கும்; வெப்பத்துக்கு அது போதாது. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான நுரைப் பலகை 25 மில்லிமீட்டர் சேர்ந்தால் 1.2க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆக உண்மையான போட்டி இரண்டு பேருக்கு நடுவில்: வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சான கூல் பெயின்ட், வெப்பத்தைத் தடுக்கும் எக்ஸ்பிஎஸ் அடுக்கு.

கூல் பெயின்ட் சதுர அடி 25 ரூபாய் என்று உங்கள் ஊரில் விலை சொன்னால் 450 சதுர அடிக்கு 11,250. தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, பிரைமர், மேலே இரண்டு கோட். புதுத் தளமானால் 28 நாள் ஆன பிறகு. மழைக்காலத்தில் கூடாது, தை, மாசியில் அடித்து, அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடித்திருக்க வேண்டும். புதிதில் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பும். தூசி படியப் படியக் குறையும். வடகமும் மிளகாயும் காயப்போடும் மாடி என்றால் கறையும் சேரும். வருடத்துக்கு இரண்டு முறை துடைப்பம் போட்டுத் தேய்த்துக் கழுவினால் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். வெறும் சுண்ணாம்பு இதைவிடப் பல மடங்கு மலிவு, புதிதில் வேலையும் நன்றாகச் செய்யும். ஒரு ஐப்பசி மழையோடு கரைந்து போகும் என்பதுதான் குறை. ஒவ்வொரு பங்குனியிலும் தானே அடித்துக்கொள்ளும் உடலும் மனதும் உள்ள வீட்டில் அதையே செய்யலாம், தவறில்லை.

எக்ஸ்பிஎஸ் அடுக்கு சதுர அடி 120 என்றால் 54,000. தளத்தின் மேல் வாட்டத்தோடு நீர்த்தடுப்பு. அதன் மேல் பலகைகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்குவது. மேலே பாலித்தீன் தாள், கோழிவலை வைத்த 40 மில்லிமீட்டர் காங்கிரீட், கடைசியில் வெள்ளை டைல்ஸ். இங்கே நடக்கும் தப்பு மூன்று. பொட்டலத்தில் வரும் சாதாரண தெர்மாகோலைப் போட்டு எக்ஸ்பிஎஸ் என்று சொல்வது. ஆள் நடந்தால் அது அமுங்கும், டைல்ஸ் வெடிக்கும். வாட்டத்தைப் பலகைக்கு மேல் மட்டும் கொடுப்பது. உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கும். மழைநீர்க் குழாய் வாயைப் பழைய மட்டத்திலேயே விட்டுவிடுவது. மேல் மட்டம் 3 அங்குலம் உயர்ந்த பிறகு குழாயைச் சுற்றிக் குளம் கட்டும்.

எதை எடுப்பது? ஒரே கேள்விதான்: ஐந்தாறு வருடத்தில் மேலே மாடி எடுக்கப் போகிறீர்களா? ஆம் என்றால் கூல் பெயின்ட். மாடி வந்ததும் கீழே புதைந்து வீணாகும் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு 54,000 செலவழிப்பது அறிவீனம். இல்லை, இதுதான் கடைசி என்றால் எக்ஸ்பிஎஸ். இரவில் வித்தியாசம் தெரியும். பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கும் தலைக்கு மேல் அனல் விடுவது நின்றுவிடும். உள்ளே தெர்மாகோல் ஃபால்ஸ் சீலிங் அடிப்பது மூன்றாவது வழியாகச் சொல்லப்படும். தளம் அப்போதும் தினமும் காய்ந்து விரிந்து சுருங்கும். விரிசலும் ஒழுகலும் சீலிங்குக்கு மேல் மறைந்திருந்து தாமதமாகத்தான் தெரியவரும்.

தளத்தின் கரி உமிழ்வைக் குறைக்க வேறொரு வழி ஃபில்லர் ஸ்லாப். காங்கிரீட்டின் கீழ்ப்பகுதி இழுவிசை வாங்குவதில்லை, கம்பிதான் வாங்குகிறது. எனவே கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துக் காங்கிரீட்டை மிச்சம் பிடிப்பது. 42 சதுர மீட்டர் தளம் 5 அங்குலத்துக்குச் சுமார் 5.3 கன மீட்டர், 1:1.5:3 கலவைக்கு 42 மூட்டை சிமென்ட். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 8 மூட்டை மிச்சம். ஓடுகளுக்கு நடுவில் அடைபடும் காற்று வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் ஓட்டை முன்பே நனைக்காவிட்டால் அது கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வைப்ரேட்டர் பட்டு ஓடு நகர்ந்தால் கம்பிக்கு மூடல் போய்விடும். இதைச் செய்து பழகிய சென்ட்ரிங் ஆள் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். மானிய வீட்டில் பொறியாளரிடம் வரைபடத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம்.

சிமென்ட்டில் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலனா சிமென்ட்) வாங்குவதே சுலபமான கரிக் குறைப்பு. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். விலையும் கூடுதல் இல்லை. கெட்டிப்பட நேரம் எடுக்கும், அவ்வளவுதான்: 7 நாள் தண்ணீர் விட்டுப் பழகிய மேஸ்திரியை 10 நாளாவது விடச் சொல்ல வேண்டும், முடிந்தால் 14. தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்களைப் பிரிக்க அவசரப்படுத்தினால் தளம் தொய்யும். பழி சிமென்ட்டின் மேல் விழும்.

சுவர்

இங்கேதான் விற்பனைப் பேச்சு அதிகம். ஏஏசி எனும் காற்றுக்குமிழ் காங்கிரீட் கல் எடை குறைவு, வெப்பம் கடத்தாது என்பது உண்மை. 8 அங்குல ஏஏசி சுவரின் கடத்தல் மதிப்பு சுமார் 0.8, பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்கு 2.1. ஆனால் இந்தக் கல்லின் பலம் குறைவு என்பதால் நடைமுறையில் தூண், பீம் போட்டு நடுவில் அடைக்கிறார்கள். செங்கல்லில் சுமைதாங்கும் சுவராகவே முடிந்திருக்கும் ஒற்றை மாடி வீட்டுக்குத் தூணும் பீமும் சேரும்போது கம்பியும் சிமென்ட்டும் கூடி, கல்லில் மிச்சமானதைத் தின்றுவிடும். மாடி எடுக்கத் தூண் எப்படியும் வரும் என்றால் ஏஏசி சரி. அப்போதும் 3 மில்லிமீட்டர் ஒட்டுக் கலவையில்தான் கட்ட வேண்டும். பழக்கத்தில் அரை அங்குலச் சிமென்ட் கலவை வைத்தால் விரிசல் விழும். தூணும் கல்லும் சேரும் இடத்தில் வலை அடிக்காமல் பூசினால் ஆறு மாதத்தில் தூணின் உருவம் சுவரில் கோடாகத் தெரியும்.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்லைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, வீடு குளிரும் என்று. குளிராது. வெப்பக் கடத்தலில் அது செங்கல்லுக்குச் சமம். அதன் லாபம் சூளை இல்லை, விறகும் நிலக்கரியும் எரிவதில்லை, மேல்மண் போவதில்லை என்பதில் இருக்கிறது. நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வண்டி வாடகையும் குறைவு. கவனிக்க வேண்டியது கல்லின் வயது. அச்சிலிருந்து எடுத்துப் பத்து நாளில் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அது சுவரில் ஏறிய பிறகு சுருங்கி வெடிக்கும். 21 நாளாவது தண்ணீர் குடித்த கல்லா என்று கேளுங்கள். நான்கு அடி உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. ஒரு நாள் ஊறவைத்த கல்லின் எடை, காய்ந்த எடையைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. தராசு இருந்தால் போதும், எவரும் பார்க்கலாம்.

ஒற்றை மாடிக்கு நம் தேர்வு எலிப்பொறிக் கட்டு, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் 3 அங்குல வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவராக எழுப்புவது. 100 சதுர மீட்டர் சுவருக்குச் சாதாரணக் கட்டில் 11,500 கல் ஆகும். இதில் கால் பங்கு, அதாவது 2,900 கல் வரை மிச்சம். கலவையும் குறையும். சுமையும் தாங்கும். இதற்குக் கல் ஒரே அளவாக இருக்க வேண்டும், எனவே நாட்டுச் சூளைக் கல் ஆகாது, சேம்பர் கல்தான். முதல் வரிசை, ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ், மூலைகள் ஆகியவற்றைக் கெட்டியாகக் கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் பிறகு வந்து சுவரை வெட்டினால் விளிம்பில் நிற்கும் கல் உடைந்து உள்ளே விழும். குழாய்களைக் கட்டும்போதே வெற்றிடத்தில் இறக்கிவிட வேண்டும். கொத்தனார் முதல் இரண்டு நாள் மெதுவாகத்தான் போவார். நாள் கூலிக்கு விட்டால் முணுமுணுப்பு இருக்காது, சதுர அடிக் கணக்கில் விட்டால் இருக்கும்.

ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பரப்பிய அழுத்திய மண்கல்லும் நல்ல தேர்வுதான், 5 சதவீதச் சிமென்ட், சூளை இல்லை. செம்மண் வேண்டும், கரிசலில் நடக்காது. 28 நாள் பதப்படுத்த இடம் வேண்டும். இயந்திர வாடகையைப் பகிர்ந்துகொள்ள மூன்று நான்கு வீடுகள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். மண் சுவர் கூடாது என்ற விதிக்குள் இதையும் தள்ளிவிடும் அலுவலர் இருக்கலாம். கனவு இல்லத்தில் எழுத்து ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். காங்கிரீட் ஹாலோ பிளாக் மலிவு, வேகம். மேற்குச் சுவரில் மட்டும் வேண்டாம்.

ஜன்னல்

சென்னை போன்ற வெப்ப ஈரப்பத மண்டலத்துக்கு அதே சம்ஹிதா கேட்பது, திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம். 420 சதுர அடி உள்பரப்புக்கு 70 சதுர அடி. 4க்கு 4 அடி ஜன்னல் கதவு போலத் திறந்தால் 14.4 சதுர அடி கணக்கில் வரும், ஐந்து போதும். அதே அளவில் யுபிவிசி நகர்த்தும் ஜன்னல் பாதிதான் திறக்கும்: 8 சதுர அடி, ஒன்பது வேண்டும். கடையில் நகர்த்தும் ஜன்னலைத்தான் முதலில் காட்டுவார்கள். எதிரெதிர்ச் சுவரில் ஒன்றுக்கொன்று நேராக வைப்பதும், மேலே 2 அடி சன்ஷேடு இறக்குவதும் எஸ்டிமேட்டில் பெரிய தொகை ஆகாது.

மின்விசிறி, பிறகு சோலார்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70. 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். மேலே போகப் போக விலையும் ஏறும்.

200 யூனிட் செலவழிக்கும் வீட்டின் பில் 235 ரூபாய், வருடத்துக்கு 1,410. அங்கே ஒரு கிலோவாட் சோலாரை 70,000க்குப் போட்டு, மொட்டை மாடி சோலாருக்கான பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 30,000 மானியம் வாங்கினாலும், மீதி 40,000 திரும்பி வர 28 வருடம். கரி உமிழ்வுக் கணக்கில் அது நல்ல காரியம்தான். அந்த நன்மை ஊருக்கு, செலவு மட்டும் உங்களுக்கு.

இதே ஒரு ஏசி, மோட்டார் உள்ள, 600 யூனிட் ஓடும் வீடு என்றால் பில் 2,900க்குப் பக்கம். 2 கிலோவாட் சோலார் நாளுக்கு 8 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 480 யூனிட் தரும்; பில் ஐம்பது ரூபாயாகிவிடும். 1.30 லட்சத்தில் 60,000 மானியம் போக 70,000, நாலு வருடத்தில் வந்துவிடும். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். ஆக, இரண்டு மாத பில் 400 யூனிட்டைத் தொடாத வீடு சோலாருக்குக் கடன் வாங்க வேண்டாம்.

அந்த வீடு வாங்க வேண்டியது மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி. பழைய விசிறி 75 வாட், இது 30. மூன்று விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். 300 யூனிட் வீட்டுக்கு அது 456 ரூபாய். விசிறிக்கு 1,500 வீதம் கூடுதலாகக் கொடுத்தாலும் இரண்டு வருடத்துக்குள் வசூல்.

சோலார் இப்போது வேண்டாம் என்றாலும் தளம் போடும்போதே அதற்கு இடம் செய்துவிட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத தென்பக்கம் பார்த்து. கால் ஊன்ற வேண்டிய இடங்களில் கம்பியோடு சேர்த்து ஒரு அடி உயரப் பீடங்களை வார்த்து, மீட்டர் பெட்டி வரை ஒரு அங்குலக் குழாய் ஒன்றைக் காலியாக இறக்கிவிடலாம். செலவு சில ஆயிரம். இதைச் செய்யாத வீட்டில் பிறகு வரும் பேனல்காரர் எக்ஸ்பிஎஸ்ஸையும் நீர்த்தடுப்பையும் துளைத்துத்தான் போல்ட் அடிப்பார். அடுத்த ஐப்பசியில் ஒழுகும். மின் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரிலேயே இருக்கட்டும். அப்பா பெயரில் மீட்டர், மகன் பெயரில் வங்கிக் கணக்கு என்றால் பேனல் ஏறி ஓடத் தொடங்கிய பிறகும் மானியம் தொங்கும். அது வரும் வரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும்.